மதினி அரைச்ச பல்லாரிப் பொடி

வேலைக்காரியா? எங்க மதினியா? ஏட்டி, இத ஒனக்கு எவ சொன்னா? பஸ் ஸ்டாண்டுல பூ விக்கிறாளே, அவளா? "மெட்ராஸ்ல மவன் வீட்டுல பெத்தவள வேலைக்கு வச்சிருக்கான், மருமவ தலைய நீட்டுதா, மாமியாக்காரி தேச்சி விடுதா"ன்னுதானே சொன்னா? தல வரைக்கும் சரியாத்தான் சொல்லியிருக்கா, சிறுக்கி. மிச்சம் எல்லாம் பொய்யி. உக்காரு இங்கன. கூட நின்னு பாத்தவ நான் சொல்லுதேன் கேளு. சோறு தின்னுட்டியா? தின்னிருந்தா செத்த நேரம் கழிச்சி வா. இத வயித்துல சோத்த வச்சிக்கிட்டுக் கேக்கக்கூடாது.

மதினின்னா எங்க வீட்டுக்காரவியளுக்கு மூத்த பொறப்பு, அக்காக்காரி. பசுவந்தனையில வாக்கப்பட்டாவ. அவிய வீட்டுக்கார அண்ணன் செத்த பொறவு அங்கன தனியாத்தான் கெடந்தாவ. சுத்தம்னா சுத்தம், அப்படி ஒரு சுத்தம் பாத்துக்கோ. எங்க வீட்டுக்கு வந்தா நான் காபிய ஊத்துறதுக்கு முந்தி டம்ளர வாங்கி மோந்து பாப்பாவ. மோந்துட்டு, நேரா எந்திரிச்சிப் போயி புளியப் போட்டு வெளக்கிட்டு வந்து நீட்டுவாவ. கல்யாணம் ஆன புதுசுல எனக்கு அழுகையா வரும். பொறவு அழுகை போயி எரிச்சல் வந்துட்டு. சோத்துல ஒரு முடி கெடந்தா அன்னைக்கிப் பூரா பட்டினி. நம்ம எவளாவது உக்காந்து பேன் பாத்தா "சீ"ன்னு மூஞ்சியத் திருப்பிக்கிடுவாவ. கண்ணால பாக்கிறதெல்லாம் அவியளுக்குக் கணக்குல இல்ல, எல்லாம் மூக்குதான். "மணக்கு பாரு, அப்போ சுத்தம்தான்"னுவாவ. இன்னொண்ணு, ஒருத்தருக்குக் குடுக்கிற பண்டத்த வாயில வச்சி ருசி பாக்க மாட்டாவ. எச்சியாயிருமாம். அதுலதான் வந்துது வெனை.

கொஞ்ச நாளாவே அவியளுக்கு முட்டு வலி. ஒருநா கெணத்தடியில வழுக்கி விழுந்து, தூக்கிவிட ஆளில்லாம கெடந்திருக்காவ. ஆடு பத்திட்டுப் போன ஒருத்திதான் பாத்து எழுப்பி விட்டிருக்கா. அதுலருந்து மவன்கூடப் போயி இருந்துரணும்னு ஒரே நெனப்பு. ஆனா வாய்விட்டுக் கேக்க மாட்டாவ. அவன் போன் போட்டா "அடுத்த மாசம் வந்து கூட்டிட்டுப் போறேம்மா"ம்பான். இவியளும் "சரிப்பா"ம்பாவ. அந்த அடுத்த மாசம் வரவேயில்ல. அப்பந்தான் ஒருநா மருமவக்காரி போன்ல பேச்சோட பேச்சா சொல்லியிருக்கா, "வெங்காயம் உரிக்க நேரமில்ல அத்தை, கடையில வாங்குற வெங்காயப் பொடியில வாசமே இல்ல"ன்னு. அம்புட்டுத்தான். மறுநா காலையில மொத பஸ்ஸுல பல்லாரி வெங்காய மூடையோட எங்க வாசல்ல வந்து நிக்காவ. "அவ என்னயக் கேட்டுட்டா"ன்னாவ. மூஞ்சியெல்லாம் சிரிப்பு. நான் வாய வச்சிக்கிட்டுச் சும்மா இருந்திருக்கலாம், "பொடியத்தான மதினி கேட்டா?"ன்னுட்டேன். முறைச்சாவ பாரு.

பசுவந்தனையில ஏன் காயப்போடலன்னு கேக்கியா? அவிய வீடு ஓட்டு வீடு. தெருவுல போட்டா ஆட்டுப் புழுக்க. மாடி எங்க வீட்டுலதான் இருக்கு. உரிச்சி, பேப்பர் கனத்துக்கு நறுக்கி, எங்க வீட்டுக்காரவியளோட வேட்டியில பரத்துனோம். கண்ணுலயும் மூக்குலயும் ஒழுகுனத முந்தானையில தொடச்சித் தொடச்சி, அந்தச் சீலைய இன்னைக்கும் நான் உடுத்துறதில்ல. மொத மூணு நாளும் மேகம் போட்டு வெயிலே அடிக்கல. நாலாம் நா மூடியிருந்த துணியத் தூக்குனா, ஏட்டி, சளி! சளியேதான். வழவழன்னு நூல் நூலா இழுக்கு. அதுமேல கொசு கணக்கா பொடி ஈ. ஓரத்துல கருப்புப் பூசணம். அத அள்ளிக் குப்பையில கொட்டுனது இந்தக் கைதான். தெருவுல வந்த ஆடு ஒண்ணு ஆசையா ஓடிவந்து மோந்துட்டு, தும்மிட்டுப் போய்ட்டு. கண்டதையும் மேயுற ஆடு அது! எனக்கு அன்னைக்கிச் சோறு எறங்கல. மதினி முந்தானைய மூக்குல கட்டிக்கிட்டு, "இன்னொரு மூடை வாங்குவோம்"ன்னாவ.

ரெண்டாவது மூடைக்கி நம்ம ஊரு வெயிலு வந்துட்டு. கரிசக்காடு வெடிக்கிற வெயிலு. சாயங்காலம் பனி எறங்குறதுக்குள்ள அள்ளி வீட்டுக்குள்ள வைக்கணும், இல்லன்னா தொவண்டு போவும். அதனால ராப்பூரா அந்த நாத்தத்துக்குள்ளதான் படுக்கை. தலையணை நாறுது, குடிக்கிற தண்ணி நாறுது, சாமி படத்துல போட்ட பூ நாறுது. எங்க வீட்டுக்காரவிய அந்த வேட்டிய நான் நல்லா வெளுத்துட்டேன்னு நம்பி உடுத்திக்கிட்டுக் கயத்தாறுக்கு ஒரு கல்யாணத்துக்குப் போனாவ. பந்தியில பக்கத்துல உக்காந்தவரு "இன்னைக்கி பிரியாணியா அண்ணாச்சி?"ன்னு கேட்டிருக்காரு. அது சைவக் கல்யாணம். வீட்டுக்கு வந்து என்னயத்தான் வஞ்சாவ. அக்காவ வைய முடியுமா?

காஞ்சி மொடமொடன்னு ஒடையிற பதம் வந்ததும் மில்லுக்குக் கொண்டு போனோம். மில்லுல மூணு மிசின் இருக்கும்லா? வத்தல் மிசின்ல போட்டா காரம் ஏறிரும், வேண்டாம்னுட்டாவ. மாவு மிசின்கிட்டப் போனா மில்லுக்கார அண்ணாச்சி கையெடுத்துக் கும்பிட்டாரு. "ஆச்சி, கோயில் கொடைக்கி மாவிளக்குப் பச்சரிசி வரிசையா நிக்கி. இதப் போட்டு அரைச்சா ஊரே என்னய அடிக்கும்." சரி, மிஞ்சினது சீயக்கா மிசின். மதினி குனிஞ்சி அது வாயில மூக்க வச்சி இழுத்தாவ. வெட்டிவேரு, ஆவாரம்பூ, பூலாங்கெழங்கு எல்லாம் அரைச்ச மிசினு, மணக்காம என்ன செய்யும்? "இந்தா, இதுதான் இருக்கிறதுலயே சுத்தமா இருக்கு"ன்னாவ.

"ஆச்சி, அது தலைக்குத் தேய்க்கிற மிசினு."

"ஒரு கை அரிசியப் போட்டு ஓட்டி விடும். எல்லாம் போயிரும்."

"பொறவு என்னய வையக்கூடாது."

நானும் "வேண்டாம் மதினி"ன்னேன். "ஒனக்குத்தான் மூக்கே கெடையாதே"ன்னுட்டாவ. அரைச்சி வந்த பொடி சாணி நெறத்துல, கைய வச்சா சுடுது. வாடைய எப்படிச் சொல்ல? தல நெறையப் பூ வச்ச ஒருத்தி பக்கத்துல வந்து, மூஞ்சியிலயே பல்லாரி ஏப்பம் விட்ட மாதிரி. மாவிளக்கு அரிசியோட நின்னவ எல்லாம் இருமிக்கிட்டு வெளிய ஓடுதாளுவ. மதினி மோந்து பாத்துட்டு, "மணக்கு"ன்னாவ. நாக்குல ஒரு துளி வச்சிப் பாத்திருக்கணும்லா? எச்சியாயிருமே! நான் வைக்கப் போனேன், கையத் தட்டி விட்டுட்டாவ.

மெட்ராசுக்கு ரயில்ல நானும் தொணைக்கிப் போனேன். மதினியோட பெரிய பெட்டி ரெண்டையும் பாத்ததுமே எனக்குத் தெரிஞ்சிட்டு, இவிய திரும்ப வரத் துணியெடுத்து வைக்கல, இருந்துரத் துணியெடுத்து வச்சிருக்காவன்னு. மருமவளுக்கும் அந்தப் பெட்டியப் பாத்ததும் மூஞ்சி ஒரு மாதிரி ஆயிட்டு. ஆனா பொடியக் கண்டதும் நல்லாத்தான் வாங்கிக்கிட்டா. அன்னைக்கி சப்பாத்திக்குப் பட்டாணிக் குருமா. கரண்டி நெறைய அள்ளிப் போட்டா. நான் பக்கத்துல நிக்கேன். குருமா பொங்குது ஏட்டி. நொர! துணி ஊறவச்ச வாளி கணக்கா வெள்ள வெளேர்னு நொர எந்திரிச்சி அடுப்புல வழியுது. அவ, "தேங்காப்பால் தெரைஞ்சிட்டோ"ங்கா. மதினி, "நல்ல பல்லாரின்னா அப்படித்தான் பொங்கும்"ங்காவ.

மவன் மொத வாய் வச்சான். வச்ச வேகத்துல கை கழுவுற எடத்துக்கு ஓடுனான். மருமவ ஓங்கரிச்சிட்டா. நானும் ஒரு வாய் வச்சேன், அத இன்னைக்கி நெனச்சாலும் நாக்கு சுருளுது. கசப்பு, வழவழப்பு, அதுக்கு மேல வெட்டிவேரு. வாய்க்குள்ள ஒருத்தி எறங்கி எண்ண தேச்சி முழுகிட்டு ஏறிப் போன மாதிரி. த்தூ! மதினி மட்டும் எந்திரிக்கல. தட்டுல போட்டத ஒரு சொட்டு விடாம வழிச்சித் தின்னாவ. கண்ணுல தண்ணி நிக்கி. "நல்லாத்தான இருக்கு"ங்காவ. டம்ளர மோந்து பாக்கிற பொம்பள! எனக்கு அந்தக் குருமாவ விட அதப் பாக்கத்தான் முடியல. ராத்திரி மவன் ரொம்ப மெதுவாத்தான் கேட்டான், "அம்மா, அடுத்த வாரம் ரயிலுக்கு டிக்கெட் பாக்கட்டா?"ன்னு. மதினி, "அடுத்த வாரம் எதுக்குப்பா, நாளைக்கே பாரு"ன்னாவ. பெட்டியத் தொறந்து, மருமவளுக்குன்னு கொண்டு வந்த சீலைய மட்டும் வெளிய எடுத்து வச்சிட்டு, திரும்பப் பூட்டிட்டாவ.

மறுநா வெள்ளிக்கெழம. விடிஞ்சா அந்தப் பொடி டப்பாவக் காணல. மருமவதான் குப்பையில கொட்டிட்டான்னு நெனச்சேன். மதினியும் அததான் நெனச்சாவ. பாத்தா, மருமவ குளிக்கிற அறையில இருந்து சத்தம் போடுதா, "அத்தை, இங்க வாங்களேன்!" போயிப் பாத்தா, தல பூரா அந்தச் சாணிப் பொடியக் கொழச்சி அப்பியிருக்கா! குருமாவுல போட்ட மருந்துல்லா அது! அவளுக்கு முடி கொத்துக் கொத்தா கொட்டுதாம். இப்பம் போன்ல எல்லாம் வெங்காயத்தத் தலையில தேய்க்கச் சொல்லுதாவளாம். அவ இம்புட்டு நாளா வெங்காய ஷாம்புவ வெலைக்கி வாங்கித் தேச்சிக்கிட்டு இருந்திருக்கா. சோத்துல போடுறத தலையில பூசிக்கிட்டு ஆபீசுக்குப் போற கூட்டம்! "சீயக்காயும் வெங்காயமும் சேத்து அரைச்சிருக்கீங்களே அத்தை, இது தலைக்குன்னு நேத்தே சொல்லியிருக்கலாம்லா?"ங்கா.

நான் மதினி மூஞ்சியப் பாக்கேன். பொய்யே பேசாத மனுசி. குனிஞ்சி அவ தலைய மோந்து பாத்தாவ. பொறவு, "நீ சோத்துல போட்டப்பவே சொல்லலாம்னு பாத்தேன்"னாவ! எனக்குச் சிரிப்ப அடக்க முடியாம முந்தானைய வாய்க்குள்ள திணிச்சிக்கிட்டேன். "பின்னால எனக்குக் கை எட்டல, நீங்க தேச்சி விடுங்க"ன்னு அவ குனிஞ்சி உக்காந்தா. ஒரு முடி கண்டா பட்டினி கெடக்கிறவிய, சேலைய இழுத்துச் சொருகிக்கிட்டு உக்காந்து, அந்த நாத்தத் தலைய மடியில சாச்சிக்கிட்டுத் தேச்சாவ. வெரலெல்லாம் முடி சுத்திக் கெடக்கு. "ஒரு வெள்ளிக்கெழம தேச்சா முடி கொட்டுறது நிக்காது, விடாம தேய்க்கணும்"னாவ. மருமவ கண்ண மூடிக்கிட்டே, "அப்போ இருந்து தேச்சி விடுங்க"ன்னா. டிக்கெட் எனக்கு மட்டும்தான் போட்டான்.

இதுதான் ஏட்டி நடந்தது. வேலைக்காரின்னு சொன்னவள ஒருநா எங்கிட்டக் கூட்டிட்டு வா. அவிய அங்கன ராசாத்தியா இருக்காவ, வேலைக்காரி இங்கன நான்தான். "பொடி தீந்துட்டு"ன்னு போன் வந்ததும் நறுக்கிக் காயப்போட்டு, அதே சீயக்கா மிசின்ல அரைச்சி அனுப்புறது யாரு? மில்லுக்கார அண்ணாச்சி என்னயக் கண்டதும் மூக்கப் பொத்திக்கிடுதாரு. போன வெள்ளிக்கெழம மூஞ்சி தெரியிற போன்ல பேசுனாவ. மருமவ ஈரத்தலையோட பின்னால போறா. "கையெல்லாம் ஒரே நாத்தம்"னு எங்கிட்டக் காட்டுதாவ. "கழுவ வேண்டியதுதான மதினி"ன்னேன். வெரல மோந்து பாத்துட்டு, "கழுவுவோம், கழுவுவோம், என்ன அவசரம்"னாவ.

ஐயோ, கொழாயில தண்ணி வந்துட்டு ஏட்டி! கொடத்த எடு, அந்தப் பச்சக் கொடத்த எடு மொதல்ல, நீ பிடி, நான் மூடியத் தேடுதேன்.