அவள் வேண்டிக்கொண்ட நடை

தங்கச் சுரங்க ஊரான ஊரிகத்திலிருந்து திருப்பதிக்கு நடந்தே போனோம் என்று சொல்லிக்கொள்ள இப்போது பெருமையாகத்தான் இருக்கிறது. நடந்தபோது பெருமை ஒன்றும் இல்லை, வழி நெடுக எரிச்சல்தான். அறுபதுகளில் ஒரு புரட்டாசி மாதம். நானும் என் மனைவியும். கல்யாணமாகி இரண்டாவது வருஷம்.

அதற்கு ஒரு மாதம் முன்னால் சுரங்கத்தில் ஏர் பிளாஸ்ட். பூமியின் அழுத்தம் தாங்காமல் பாறை தானாக வெடித்துச் சரிவதை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வார்கள். மேலே கம்பெனி கொடுத்த லைன் வீடுகளில் பாத்திரமெல்லாம் உருண்டதாம். கீழே நாங்கள் மூன்று பேர் சரிந்த கல்லுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு ஒரு பகல் முழுக்கக் கிடந்தோம். எனக்குத் தோளில் சிராய்ப்பு, அவ்வளவுதான். ஆனால் அதற்குப் பிறகு, ஆட்களைக் கீழே இறக்குகிற இரும்புக் கூண்டான கேஜில் ஏற நினைத்தாலே பயம். உடம்பு சரியில்லை என்று லீவு போட்டேன். லீவு முடிகிற திங்கட்கிழமை நான் இறங்காவிட்டால் வேலை போய்விடும். வேலையோடு, குடியிருந்த லைன் வீடும் போய்விடும். பயத்தை அவளிடம் நான் சொல்லவே இல்லை.

"திருப்பதிக்கு நடக்கிறதா வேண்டுதல் கீது" என்று அவள் சொன்னபோது, என் காலை வைத்து வேண்டிக்கொண்டுவிட்டாள் என்று மனதுக்குள் கறுவிக்கொண்டே கிளம்பினேன்.

பேத்தமங்கலம் வரை சமாளித்தேன். எட்டு மணி நேரம் பாறையைத் துளைக்கிறவனுக்கு ரோட்டில் நடப்பது பெரிய விஷயமா என்ற நினைப்பு. வருஷக்கணக்கில் பூட்ஸுக்குள் கிடந்த கால், செருப்பில்லாமல் ரோட்டில் வைத்ததும் கொப்பளித்துவிட்டது. பகலெல்லாம் இருட்டில் வேலை செய்த கண்ணுக்கு வெயில் ஆகவில்லை. அவளோ தலையில் மூட்டையோடு பத்தடி முன்னால் ஒரே சீராகப் போய்க்கொண்டிருந்தாள். அந்த முதுகைப் பார்க்கப் பார்க்கக் கோபம் வந்தது.

மூன்றாம் நாள், பலமனேர் தாண்டி ஒரு புளியமரத்தடியில் உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. "உன் சாமிக்கு என் காலுதான் கெடச்சுதா?" என்று கத்தினேன்.

அவள் மூட்டையை இறக்கிவிட்டு என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "உங்கள யாரு நடக்கச் சொன்னது? நான் என் காலுக்குத்தான் வேண்டிகினேன். பஸ் வந்தா ஏறிப் போங்க, நான் வந்து சேர்றேன்."

எப்போது வேண்டிக்கொண்டாய் என்று கேட்டேன். ஏர் பிளாஸ்ட் அன்றைக்குத்தானாம். காலையிலிருந்து, கேஜ் ஏறி இறங்குகிற ஷாஃப்ட் வாசலில் நின்றிருக்கிறாள். கேஜ் மேலே வரும்போதெல்லாம் ஓடிப்போய்ப் பார்ப்பாளாம், வேறு யாரோ இறங்குவார்களாம். "எனக்கு இன்னா பண்றதுன்னே தெரியல. நடக்கிறேன்னு சொல்லிட்டேன்."

அப்போதுதான் அவள் பாதத்தைப் பார்த்தேன். என்னுடையதைவிட மோசமாக இருந்தது. வெட்கத்தில் தலை குனிந்துபோனேன்.

"எனக்குக் கீழ எறங்க பயமா கீது" என்றேன். எப்படி வாயில் வந்ததோ தெரியாது.

"எனக்கு நீங்க எறங்குற தெனமும் பயந்தான்" என்றாள் அவள், காலிலிருந்து முள்ளைப் பிடுங்கிக்கொண்டே.

அதற்கப்புறம் இரண்டு பஸ் போயின. நான் ஏறவில்லை. மூட்டையை வாங்கி என் தோளில் போட்டுக்கொண்டேன். மீதி வழி சரியாக நினைவில்லை. சித்தூரில் ஒரு சத்திரத்தில் சாப்பிடாமலே தூங்கிப்போனோம். மலைப்படிகளில் உட்கார்ந்து உட்கார்ந்து ஏறினோம். சந்நிதியில் எனக்கு எதுவும் கேட்கத் தோன்றவில்லை, கால் வலி ஒன்றுதான் தெரிந்தது. பஸ்ஸில் வீடு திரும்பினோம்.

திங்கட்கிழமை கேஜுக்குள் போய் நின்றேன். பயம் துளியும் குறைந்திருக்கவில்லை. பக்கத்தில் நின்ற வயதானவர் குனிந்து பார்த்துவிட்டு, "இன்னாப்பா, காலு இந்த ஆட்டம் ஆடுது?" என்றார்.

"திருப்பதிக்கு நடந்துட்டு வந்தேண்ணே."

அவர் நம்பிவிட்டார். நகர்ந்து, பிடித்துக்கொள்ளக் கம்பியை எனக்கு விட்டுக்கொடுத்தார். மணி அடித்தது, இறங்கினோம்.