டோலி பங்களாவின் எட்டாவது கதவு

சகாயம்மாளுக்குச் சொந்த வீடு வேண்டும் என்ற பேராசையெல்லாம் கிடையாது. உள்பக்கம் தாழ்ப்பாள் உள்ள ஒரு கதவு வேண்டும், அவ்வளவுதான். புருஷன் செத்த பிறகு பதினோரு வருஷம் கொண்டப்பநாயக்கன்பட்டி ஓடைக்கரையில், கீற்றுக் கொட்டகை வாசலில் கோணிப்பையைத் தொங்கவிட்டு அதன் பின்னால் படுத்தவள் அவள். கோணிப்பை நாய்க்கும் வழிவிடும், குடித்துவிட்டு வருகிறவனுக்கும் வழிவிடும். தலைமாட்டில் அரிவாளை வைத்துக்கொண்டு தூங்குவாள். தூங்குவாள் என்பதும் ஒரு பேச்சுக்குத்தான்.

அந்தக் கரையில் அப்படி எட்டுக் குடும்பங்கள் இருந்தன. கட்டட வேலைக்கும் வெள்ளைக்கல் சுரங்கத்துக்கும் போகிற, மாதா கோயிலைச் சேர்ந்த வேதக்காரச் சனம். 1957 ஐப்பசியில் ஓடை பெருகிக் கொட்டகைகளை வாரிக்கொண்டு போனபோது, யாகப்பன் கொத்தனார்தான் டோலி பங்களாவைப் பற்றிப் பேச்செடுத்தார்.

மலைக்கு ரோடு போடாத காலத்தில் வெள்ளைக்காரர்கள் டோலியில் ஏறித்தான் ஏற்காடு போவார்கள். தூக்குகிற ஆட்கள் தங்குவதற்கென்று பங்களாவின் பின்னால் வரிசையாக எட்டு அறைகள், முன்னால் நீளமான ஒரு தாழ்வாரம். ரோடு வந்தது, டோலி போனது, கூரை ஒழுகி முன்கட்டு சரிந்தது. பின்வரிசை மட்டும் நின்றது. வாந்திபேதி வந்த ஒரு வருஷம் அங்கே என்னவோ நடந்தது என்று ஊர் பத்து விதமாகச் சொல்லும். பத்தையும் கேட்டவர்கள் பதினொன்றாவதை மனசுக்குள் வைத்துக்கொண்டு, உச்சிப்பொழுதில் அந்தப் பக்கம் போகாமல் இருந்தார்கள்.

இடம் நாச்சிமுத்துக் கவுண்டருடையது. கிணற்றுக்குச் சுற்றுச்சுவர் கட்டக் கல் வேண்டும் என்று இடிக்க நாள் பார்த்துக்கொண்டிருந்தார். யாகப்பன் பங்குச் சாமியாரைக் கூட்டிக்கொண்டு போய், சுவர் இன்னும் நூறு வருஷம் தாங்கும், கூரைத் தளத்தை மட்டும் புதிதாகப் போட்டால் போதும், எட்டுக் குடும்பம் பிழைக்கும் என்று மன்றாடினார். கவுண்டர் நல்ல மனுஷர். பெயருக்கு ஒரு வாடகை போதும் என்று சொல்லிவிட்டு, ஒரே ஒரு நிபந்தனை வைத்தார்.

"எட்டு அடுப்பும் எரியோணுங்க. ஒரு ரூம்பு சும்மா கெடந்தாலும் மக்யா நாளே கடப்பாறையோட ஆளு வரும். அங்க ஆளில்லாத ஊடு ஆகாதுங்க. எங்கப்பன் காலத்துலயே பட்டாச்சு."

என்ன பட்டது என்று யாரும் கேட்கவில்லை. கேட்டால் வீடு கைநழுவிப் போய்விடுமோ என்று பயம்.

மாசி மாதம் தளம் போட்டார்கள். செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்துத் தெளித்து, பெண்கள் வரிசையாகக் குந்தி மரக்கட்டையால் நாள் கணக்கில் தட்ட வேண்டும். தட்டுகிற வரிசைக்குச் சகாயம்மாள்தான் தலைவி. சத்தத்தை வைத்தே எங்கே இறுகியிருக்கிறது, எங்கே பொக்கையாக இருக்கிறது என்று சொல்லிவிடுவாள். அந்தக் காது அவளுக்குச் சோறு போட்ட காது.

மூன்றாம் நாள் உச்சிவேளையில் எட்டாவது அறைக்கு மேலே வந்துவிட்டார்கள். கஞ்சி குடிக்கலாம் என்று அவள் கை காட்ட, பன்னிரண்டு கட்டையும் ஒன்றாக நின்றன. கீழேயிருந்து மூன்று தட்டு கேட்டது. அவசரமில்லாமல், ஒரே அளவான இடைவெளி விட்டு.

பெண்கள் அவளைப் பார்த்தார்கள். அவள் இறங்கிப் போய்ப் பார்த்தாள். மற்ற ஏழு அறைகளின் கதவுகளையும் மாற்றியாகிவிட்டது. அந்த மூலை அறையில் மட்டும் பழைய கதவும், துருவேறி ஒரே கட்டியாகிப்போன பூட்டும் அப்படியே இருந்தன. பூட்டின் மேல் சிலந்தி கட்டிய வலைகூடக் கலையவில்லை. மேலே இருக்கிறவர்கள் இப்போது எழுந்து ஓடினால் தளம் பாதியில் காய்ந்து வெடிக்கும், எட்டுக் குடும்பமும் மறுபடி ஓடைக்கரைக்குப் போகும். மேலே ஏறி வந்து, "எதிரொலிதான். கஞ்சியக் குடிச்சிட்டு வேலயப் பாருங்க" என்றாள். அவள் காதை நம்பி யாரும் மறுபேச்சுப் பேசவில்லை.

மறுநாள் யாகப்பன் பூட்டை உடைத்தார். உள்ளே ஒன்றுமில்லை, புழுதிதான். பழைய கதவைக் கழற்றிச் சாய்த்தபோது அதன் உள்பக்கத்தை அவள் மட்டும் கவனித்தாள். நெஞ்சுயரத்தில் பலகை ஓரிடத்தில் மழமழவென்று குழிந்திருந்தது. உலக்கையில் கை படுகிற இடம் தேயுமே, அப்படி. அதை அன்றைக்கே உடைத்து அடுப்பில் வைத்தாள். புதுக் கதவு வந்தது. சத்தம் நின்றுபோயிற்று. அது போய்விட்டது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

ஈஸ்டருக்கு அடுத்த ஞாயிறு, பூசை முடிந்து கோயிலிலேயே சீட்டுக் குலுக்கினார்கள். சகாயம்மாளுக்கு முதல் அறை விழுந்தது. எட்டாவது, ஏழு மாதக் கர்ப்பிணியான ரோசிக்கு. ரோசி சிரித்துக்கொண்டே சீட்டை மடித்து முந்தானையில் முடிந்தாள். சகாயம்மாள் மனசுக்குள் கணக்குப் போட்டாள். உண்மையைச் சொன்னால் எட்டாவது அறைக்கு யாரும் வரமாட்டார்கள், கவுண்டரின் கடப்பாறை வரும். சொல்லாவிட்டால் வயிற்றுப்பிள்ளைக்காரி அங்கே படுப்பாள். மூலையில் காற்று நன்றாக வரும், எனக்குக் கொடுத்துவிடு என்று கெஞ்சிச் சீட்டை மாற்றிக்கொண்டாள். காரியக்காரி, நல்ல அறையாகப் பார்த்துப் பிடித்துவிட்டாள் என்று மற்றவர்கள் கேலி பேசினார்கள்.

அன்று மத்தியானமே குடிபோனாள். பட்டப்பகல், தாழ்ப்பாளுக்கு அவசியமே இல்லை. ஆனாலும் பதினோரு வருஷத்து ஆசையாயிற்றே. கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைத் தள்ளினாள். அது விழுந்த சத்தம் காதுக்கு அவ்வளவு இதமாக இருந்தது. கையை எடுக்கும் முன்பே, அவள் கைக்குப் பக்கத்தில், கதவின் உள்பக்கத்தில் தட்டு விழுந்தது.

ஒன்று. இரண்டு. மூன்று.

அறையில் அவளைத் தவிர யாருமில்லை. அவளுக்கு அப்போதுதான் புரிந்தது. இது பயமுறுத்துகிற தட்டு அல்ல. வாந்திபேதி வருஷத்தில் உள்ளே வைத்துப் பூட்டப்பட்ட ஒருவன் வெளியே விடச் சொல்லிக் கேட்கிற தட்டு. அவள் தாழ்ப்பாளை இழுத்துக் கதவைத் திறந்தாள். ஈரச் சுண்ணாம்பு வாடையோடு ஒரு குளிர் அவளை உரசிக்கொண்டு வெளியே போயிற்று. முற்றத்தில் மேய்ந்த கோழிகள் இரண்டு பக்கமாக விலகி வழிவிட்டன.

அது வரும் போகும், சாத்தினால் மறுபடி மாட்டிக்கொள்ளும் என்று அதற்குப் பிறகு எட்டு வருஷம் அவள் கதவைச் சாத்தவில்லை. மழையிலும் பனியிலும் அது ஆவென்று திறந்தே கிடந்தது. யாருக்காகவோ காத்திருக்கிறாள் என்று குடிகாரர்கள் ஜாடை பேசினார்கள். அவள் மறுபடி அரிவாளைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டாள். பக்கத்து அறைகளில் ஏழு தாழ்ப்பாள்கள் விழுகிற சத்தத்தைத் தினமும் படுத்துக்கொண்டே கேட்பாள். பொறாமையாகத்தான் இருக்கும். யாரிடமும் சொல்லவில்லை.

1966இல் நெஞ்சில் சளி கட்டிச் சேலம் ஆஸ்பத்திரியில் பன்னிரண்டு நாள் கிடந்தாள். போகும்போது, கதவைச் சாத்தாதே, அடுப்பை மட்டும் தினம் ஒருமுறை மூட்டிவிடு என்று ரோசியிடம் சொல்லிவிட்டுத்தான் போனாள். கடைசி நாள் காலையில் ரோசி அடுப்பு மூட்டிவிட்டுப் போன பிறகு, ஊரில் பாத்திரத் திருட்டு என்று கேள்விப்பட்ட யாகப்பன், நல்லெண்ணத்தோடு அந்தக் கதவை இழுத்துப் பூட்டிவிட்டார்.

மத்தியானம் அவள் வந்து இறங்கியபோது, வீட்டில் இருந்தவர்கள் எல்லாரும் முற்றத்தில் நின்றார்கள். எல்லார் முகமும் மூலை அறையைப் பார்த்திருந்தது. பூட்டிய கதவுக்குப் பின்னாலிருந்து தட்டுச் சத்தம் ஒரே சீராக வந்துகொண்டிருந்தது. யாகப்பன் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு, இரண்டு அடிக்கு மேல் போக முடியாமல் நின்றார்.

சகாயம்மாள் சாவியை வாங்கித் திறந்தாள். "வா சாமி. தொறந்தாச்சு, போ" என்றாள். கூட்டம் தானாக விலகிற்று.

இனி எல்லாம் போயிற்று, மூட்டை கட்டிவிடுவார்கள் என்று நினைத்தாள். வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். ரோசி பக்கத்தில் வந்தாள். "எத்தன வருசமாக்கா?"

"வந்த அன்னிலேருந்து."

ரோசி, அன்று வயிற்றிலிருந்த தன் மூத்த பெண்ணை இழுத்து இடுப்போடு அணைத்துக்கொண்டாள். "அந்தச் சீட்டு எனக்கு விழுந்ததுக்கா" என்றாள்.

யாரும் மூட்டை கட்டவில்லை. அன்று சாயங்காலமே யாகப்பன் எட்டாவது கதவை நிலையிலிருந்து கழற்றி எடுத்துவிட்டார். அடுப்பு மட்டும் அங்கேயே எரியட்டும், கவுண்டருக்குக் கணக்குச் சரியாக இருக்கும் என்றார். ரோசி சகாயம்மாளின் பாயைச் சுருட்டித் தன் அறைக்குக் கொண்டுபோய்ச் சுவரோரமாக விரித்தாள். விளக்கு வைத்ததும், "நீங்களே போடுங்கக்கா" என்று சொல்லிக் கதவருகிலிருந்து விலகி நின்றாள்.

சகாயம்மாள் தாழ்ப்பாளைத் தள்ளினாள். கையை எடுக்காமல் வெகுநேரம் நின்று கேட்டாள். ஒன்றும் கேட்கவில்லை. அதன் பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது.