பறக்கும் பையனுக்குத் திருஷ்டிப் பொட்டு

டொரன்டோவில் பழைய காமிக்ஸ் புத்தகத்தைத் தொடுவதற்குக்கூடக் கையுறை வேண்டும். கடைக்காரர் வெள்ளைக் கையுறையை மாட்டிக்கொண்டு எங்கள் புத்தகத்தைக் கையில் வாங்கியபோது, பிரசவ வார்டில் நிற்பதுபோல இருந்தது எனக்கு. அதே புத்தகத்தைத் திருவண்ணாமலைப் பக்கம் வேங்கிக்காலில் என் மகன் தலைக்கு வைத்துத் தூங்கியிருக்கிறான், அதன்மேல் முறுக்கை வைத்துத் தின்றிருக்கிறான். அடுத்த இதழ் கிடைக்குமா என்று கேட்கத்தான் அவனையும் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். ஆறு வயதுப் பிள்ளை, ஊரிலிருந்து வந்து சேர்ந்து வாரக்கணக்காகியும் என்னை ஒருமுறைகூட அம்மா என்று கூப்பிடவில்லை. ஒரு காமிக்ஸ் வாங்கிக் கொடுத்தாவது அவன் மனசில் இடம் பிடிக்கலாம் என்ற அல்ப ஆசைதான்.

அவனுக்கு இரண்டு வயதாகும்போது நானும் கணவரும் வேலைக்காக இங்கே வந்துவிட்டோம். அவன் திருவண்ணாமலையில் என் அப்பா அம்மாவிடம் வளர்ந்தான். முதல் லீவில் போனபோது, இங்கே ஒரு வீட்டு வாசலில் பழைய சாமான் விற்றவர்களிடம் வாங்கிய ஆங்கிலக் காமிக்ஸ் ஒன்றைக் கொண்டுபோனேன். அபார சக்தி கொண்ட ஒரு பையன், தாத்தா பாட்டியோடு இருக்கிறான். ரயிலைத் தூக்குகிறான், மேகத்துக்கு மேலே பறக்கிறான். கலெக்டர் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அப்பா, கோப்பு படிக்கிற குரலிலேயே அதைத் தமிழில் சொல்வார். அம்மாவுக்குக் கதையில் ஏகப்பட்ட ஆட்சேபணை. வெறும் வயிற்றோடு பிள்ளையை வானத்துக்கு அனுப்புகிற அந்தப் பாட்டிமேல் அவளுக்கு மரியாதையே கிடையாது.

"இத்தினி ஜனம் பாக்க ரயில தூக்குறானே, கண்ணு படாது?" என்று மை டப்பாவை எடுத்து வந்து, பக்கத்துக்குப் பக்கம் அந்தப் பையன் கன்னத்தில் பொட்டு வைத்துவிட்டாள்.

ஒருநாள் என் மகன், இவனுடைய அம்மா அப்பா எங்கே என்று தாத்தாவைக் கேட்டான். புத்தகத்தில் அதற்குப் பதில் இல்லை. அப்பா கொஞ்சமும் யோசிக்கவில்லை.

"அவங்க கனடாவுல வேலை பாக்குறாங்கடா. லீவு கெடைச்சா வருவாங்க."

பக்கத்தில் உட்கார்ந்து தோசை தின்றுகொண்டிருந்த எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்து புரையேறியதுதான் மிச்சம்.

இப்போது கடைக்காரர் பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கப் பார்க்க, அவர் முகம் மலர்ந்துகொண்டே போனது. கன்னத்தில் மச்சம் உள்ள பிரதியைத் தான் பார்த்ததே இல்லை, அபூர்வமான அச்சுப்பிழையாக இருக்கலாம் என்றார். மச்சமில்லை, பாதுகாப்புக்காக என் அம்மா வைத்தது என்றேன். பாதுகாப்புக்குப் பிளாஸ்டிக் உறைதானே போடுவார்கள் என்றார், பாவம். ஊர்க்கண்ணை எந்த உறை தடுக்கும் என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் விளக்கினேன். அவர் மெதுவாகக் கையுறையைக் கழற்றி வைத்துவிட்டார்.

கடைசிப் பக்கத்தில் பையன் வானத்தில் சின்னதாகப் போகிறான். வாசலில் நின்று தாத்தாவும் பாட்டியும் கையசைக்கிறார்கள். அவர்கள் கன்னத்திலும் பொட்டு இருந்தது. அம்மா வைக்கிற மாதிரி வட்டமாக இல்லை. குட்டி விரலால் ஈஷியிருந்தது. யார் வைத்தது என்று மகனைக் கேட்டேன்.

"நாந்தான். ஏர்போர்ட்டுக்குக் கெளம்பறப்ப வெச்சேன். நான் வந்துட்டா தாத்தாவையும் ஆயாவையும் யாரு பாத்துக்குவாங்க?"

எங்கள் பக்கம் பாட்டியை ஆயா என்போம். பையன் என்ன சொன்னான் என்று கடைக்காரர் கேட்டார். நான் அந்தப் பக்கத்தையே தடவிக்கொண்டிருந்தேன். என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்த மகன், மேஜைமேல் கிடந்த கறுப்பு மார்க்கரை எடுத்து மூடியைத் திறந்தான்.

"அம்மா, குனி," என்றான்.

அது லேசில் அழிகிற மையில்லை. வீடு திரும்பும்போது, டிராமில் எதிரே இருந்த வெள்ளைக்கார அம்மாள் என் கன்னத்தைச் சுட்டிக்காட்டி டிஷ்யூ நீட்டினார். நன்றி சொல்லி வாங்கி, மகனுக்கு மூக்கைத் துடைத்துவிட்டேன்.