பூட்டை உடைக்காத பூட்டுக்காரர்

சாவியைத் தொலைத்தவர்கள், கதவைச் சாத்திவிட்டு வெளியே நின்று விழிப்பவர்கள் எல்லோரும் கடைசியில் பூட்டுக்காரரிடம்தான் வந்து நிற்பார்கள். வளைந்த கம்பி ஒன்றை உள்ளே விட்டு, காதைச் சாய்த்துக் கேட்டு, எந்தப் பூட்டையும் நோகாமல் திறந்துவிடுவார். "உடைச்சிடலாமே அண்ணே" என்று யாராவது வாயைத் திறந்தால் போச்சு.

"உடைக்கிறதுக்கு நான் எதுக்கு? திருடனைக் கூப்பிடு, கூலி கேக்காம செஞ்சு குடுப்பான்!"

வீட்டில் சர்க்கரை டப்பாவுக்குக்கூடப் பூட்டு உண்டு. "என் வாய்க்குத்தான் இன்னும் ஒண்ணு செய்யல" என்பாள் மனைவி. "அந்த அளவுல சாமான் கிடைக்கல" என்பார் அவர்.

மகளுக்கு முந்திரி ஆகாது. ஒருமுறை மருத்துவமனை வரை போய் மீண்டவள். அவசரத்துக்குத் தொடையில் குத்த, பேனா மாதிரி ஓர் ஊசியைக் கொடுத்து, எப்போதும் கைக்கு எட்டும் இடத்தில் வைக்கச் சொல்லியிருந்தார் டாக்டர். பூட்டுக்காரர் காதில் 'பத்திரமாக' என்று விழுந்தது போலும். இரும்பு அலமாரியில் வைத்துப் பூட்டினார். அவரே செய்த பூட்டு. "இதை என்னாலயே கம்பி போட்டுத் திறக்க முடியாது" என்று பீற்றிக்கொள்வார். சாவி இருக்கும் இடம் அவர் ஒருவருக்குத்தான் தெரியும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவருக்கும் தெரியவில்லை.

மனைவியின் தம்பி கேக் வாங்கி வந்திருந்தான். மேலே பதித்திருந்த முந்திரியை ஒன்றுவிடாமல் பொறுக்கித் தான் தின்றுவிட்டு, மிச்சத்தை மருமகளுக்கு ஊட்டினான். கொஞ்ச நேரத்தில் உதடு வீங்கியது, உடம்பெல்லாம் தடிப்பு, மூச்சில் விசில் சத்தம்.

"முந்திரியை எடுத்துட்டுத்தானே குடுத்தேன்!"

"ஒட்டிக்கிட்டிருந்த துணுக்கு போதாதாடா? ஆம்புலன்ஸுக்குப் போன் போடு!" மகளைச் சுவரில் சாய்த்து உட்கார வைத்தாள் அக்கா. "என்னங்க, ஊசி!"

அவர் சட்டைப் பைகளைத் துழாவினார். மெத்தையைப் புரட்டினார். சாமி படத்துக்குப் பின்னால் பார்த்தார். பிறகு கம்பியை எடுத்தார். ஊரார் பூட்டையெல்லாம் திறந்த கம்பி அது. கம்பி உள்ளே போனது, பூட்டு அசையவில்லை. சொன்னபடி கச்சிதமாகச் செய்திருந்தார், பாவி மனிதர்.

"அப்பா..." குரல் பாதியில் நின்றது.

"உடைங்க!" என்று கத்தினாள் மனைவி.

கம்பி கீழே விழுந்தது. சுத்தியலை எடுத்தார். முதல் அடியில் பூட்டு நசுங்கியது, அடுத்ததில் கொக்கி பிய்ந்தது. ஊசியின் மூடியைப் பிடுங்கி, மகளின் தொடைப் பக்கவாட்டில், துணிக்கு மேலேயே அழுத்திப் பிடித்தார். இதையாவது டாக்டர் சொன்னபடி நினைவு வைத்திருந்தார்.

ஆம்புலன்ஸ் தெருமுனையில் திரும்பும்போது விசில் சத்தம் தணியத் தொடங்கியிருந்தது.

"அதான் சரியாயிடுச்சே, போகணுமா?" என்றான் தம்பி.

"மூச்சுத் திணறல் மறுபடி வரலாம்னு டாக்டர் சொல்லியிருக்காரு. நீ வாயை மூடிட்டு ஏறு" என்றாள் அக்கா.

மருத்துவமனைக் கட்டிலில் மகள் தின்ன ஜெல்லி கேட்டாள். கிண்ணத்தைக் காலி செய்துவிட்டுக் கேட்டாள்: "அப்பா, உங்களால திறக்க முடியாத பூட்டே இல்லையா?"

"ஒண்ணு இருந்துச்சு. உடைச்சிட்டேன்."

இப்போது வாசல் கதவுக்குப் பக்கத்தில், ஆணியில், ஒரு சிவப்புப் பை தொங்குகிறது. உள்ளே இரண்டு ஊசிகள். வருகிற விருந்தாளிக்கெல்லாம் அதைத் திறந்து காட்டி, எப்படிக் குத்துவது என்று விளக்காமல் உட்காரவே விடமாட்டார் பூட்டுக்காரர். மச்சினன் இதுவரை நாலு தடவை கேட்டாயிற்று.

தொலைந்த சாவி ஷூ பாலிஷ் டப்பாவுக்குள் அகப்பட்டது. அதையும் அதே ஆணியில் மாட்டிவைத்திருக்கிறாள் மனைவி. அது இனி எதையும் திறக்காது. ஆனால், "எல்லாத்தையும் பத்திரமா வைக்கணும்" என்று அவர் ஆரம்பிக்கும்போதெல்லாம், அவள் அதை லேசாக ஆட்டிவிடுகிறாள்.