பாடு இல்லாதவன்

என்னைப் பழவேற்காடு ஏரியோரம் இருக்கும் பசியாவரத்தில் கொண்டுவந்து விட்டபோது எனக்குப் பத்து வயது. அம்மா செத்துப்போயிருந்தாள். பெற்றவன் எங்கோ போய்த் தொலைந்திருந்தான். விடுதியில் கிடந்த என்னைக் குழந்தைகள் நல அதிகாரி ஒருத்தர் ஜீப்பில் ஏற்றிவந்து, பிள்ளையில்லாத ஒரு மீனவர் வீட்டில் வளர்ப்புக்கு ஒப்படைத்தார். பதினெட்டு வயது வரைக்கும்தான் என்று அன்றைக்கே சொன்னார். பத்து வயசுக்காரனுக்குப் பதினெட்டெல்லாம் ஒரு கணக்கா?

சும்மா சொல்லக்கூடாது, நன்றாகவே வைத்துக்கொண்டார்கள். வந்த புதிதில் தட்டைப் பிடுங்கிவிடுவார்களோ என்று சோற்றை அள்ளி அள்ளி விழுங்குவேன். விடுதிப் பழக்கம். "மெதுவா துன்னு மவனே, யாரும் புடுங்க மாட்டாங்க" என்பார் வளர்த்தவர். அதற்குப் பிறகு, ஊர்ப் பிள்ளைகள் அப்பாவைக் கூப்பிடுவதுபோல, அவரை நைனா என்றுதான் கூப்பிட்டேன். பள்ளி இல்லாத நாளெல்லாம் அவரோடு ஏரியில் கிடந்தேன்.

எங்கள் ஏரியில் நினைத்தவன் நினைத்த இடத்தில் வலை போட முடியாது. இறால் படும் நல்ல இடங்களில் முறை வைத்துத்தான் வலை. அந்த முறைக்குப் பாடு என்று பேர். ஊர்க்காரன் மகனுக்குப் பதினெட்டு ஆனால், கோயிலில் ஊர் கூடி அவனுக்கும் பாடு கொடுக்கும். பாடு இல்லாதவன் காலம் பூரா அடுத்தவன் படகில் கூலிதான்.

எனக்குப் பதினெட்டு முடிந்ததும் அதிகாரி போன் செய்தார். "இனிமே உன்னை நீயேதான் பாத்துக்கணும்" என்று சொல்லி வைத்துவிட்டார். படிப்பும் பெரிதாக ஏறவில்லை. எனக்கென்று மிச்சம் இருந்தது அந்தப் பாடு ஒன்றுதான்.

கூட்டத்துக்கு நைனா எனக்குப் புதுச் சட்டை போட்டு அழைத்துப்போனார். எனக்காகக் கைகட்டி நின்று கேட்டார்.

"ஜீப்புல கொண்டாந்து வுட்ட புள்ளதான இது?" என்றார் ஊர்ப் பெரியவர்.

"ஆமா. ஆனா எம் மவன் மாதிரி."

"மாதிரிக்கெல்லாம் பாடு இல்லப்பா." கொஞ்சம் யோசித்துவிட்டு அவரே ஒரு வழியும் சொன்னார். "உனக்குப் பொறந்தவன்னு அம்மன் முன்னாடி கற்பூரத்த அணைச்சு சத்தியம் பண்ணு. ஊரு ஏத்துக்கும். எப்டி, இன்னான்னு யாரும் கிளற மாட்டாங்க."

தட்டில் கற்பூரத்தை ஏற்றினார்கள். நைனா கையை நீட்டினார். அப்படியே நின்றார். என்னைப் பார்த்தார். பிறகு கையை இழுத்துக்கொண்டார்.

"அம்மன் முன்னாடி பொய் சத்தியம் பண்ண முடியாதுபா" என்றார்.

எட்டு வருஷம் மவனே மவனே என்று கூப்பிட்ட அதே வாய். அவர் மேல் கோபப்படலாம் என்று பார்த்தால், அந்த ஆள் சொன்னதில் தப்பே இல்லை. பொய் சொல்லிவிட்டு ஏரியில் இறங்க அவருக்குப் பயம். அதற்கு யாரை என்ன செய்வது? இப்போது பழவேற்காட்டில் ஒருவர் படகில் கூலிக்குப் போகிறேன். படுப்பது இன்னமும் நைனா வீட்டில்தான், போக வேறு இடம் ஏது?

அன்றைக்குக் கோயிலிலிருந்து வீட்டுக்கு வந்ததும் நைனாவின் மனைவி சோறு போட்டார். நைனா தன் தட்டிலிருந்த மீனை எடுத்து என் தட்டில் வைத்தார்.

"துன்னு மவனே" என்றார்.

நான் அள்ளி அள்ளி விழுங்கினேன்.