புக்கிட் தாபூரின் வெள்ளைக் கல்

மலையேற்ற வழிகாட்டிக்கு மூச்சு மட்டும் இருந்தால் போதாது, சொல்வதைக் காதில் வாங்க ஆளும் வேண்டும். வீட்டில் யாருமே காது கொடுக்காத அன்பர்களுக்கு என் வேதனை புரியும். அம்பாங் பக்கம் இருக்கும் புக்கிட் தாபூருக்கு ஞாயிறுதோறும் ஆட்களை அழைத்துப் போகிறேன். சின்ன மலைதான். ஆனால் உச்சி நெடுக வெள்ளைக் குவார்ட்ஸ் கல். அது வந்த கதையை ஒருவராவது முழுசாகக் கேட்க மாட்டாரா என்பதுதான் என் ஏக்கம்.

கிள்ளான் கோஷ்டி

நாசி லெமாக் சோற்றுப் பொட்டலங்களோடு ஏழு பேர் வந்தார்கள். முதல் பாறையிலேயே ஆரம்பித்தேன்: "பூமிக்கு அடியில, கருங்கல்லுல நீளமா ஒரு வெடிப்பு..." கோஷ்டித் தலைவர் கைப்பேசியை வானத்துக்குத் தூக்கிப் பிடித்தபடி சொன்னார்:

"பாஸ், அதை வாட்ஸ்அப்ல போட்டு விடுங்க. மேல லைன் கிடைக்குமா?"

சுங்கை வே இன்ஜினியர்

இவரிடம் பாதிக் கதை வரை வந்துவிட்டேன். வெடிப்புக்குள் கொதிநீர் ஏறியது, அதில் கரைந்திருந்த கனிமம் படிந்து குவார்ட்ஸ் ஆனது என்றேன். பாறையை உள்ளங்கையால் தடவித் தடவிப் பார்த்தார். எனக்கு உச்சி குளிர்ந்தது.

"அண்ணே, இதை கிச்சன் டாப்பா போட்டா மஞ்சக் கறை பிடிக்காதுல்ல? வீட்டுல ரெனொவேஷன் நடக்குது."

பிரிக்ஃபீல்ட்ஸ் ஆன்டி

பாதை பிரியும் இடத்தில் பலரும் தவறான பக்கம் இறங்கிவிடுகிறார்கள். அடையாளத்துக்காக, உதிர்ந்து கிடந்த ஒரு வெள்ளைக் கல்லை நிமிர்த்தி நட்டு வைத்தேன். அடுத்த வாரம் அதற்குக் குங்குமப் பொட்டு. அதற்கடுத்த வாரம் மஞ்சள் துணி, இரண்டு வாழைப்பழம்.

போன ஞாயிறு, பிரிக்ஃபீல்ட்ஸில் பூக்கடை வைத்திருக்கும் ஆன்டி அதன் முன்னால் காலணியைக் கழற்றிவிட்டு நின்றார். நான்தான் நட்டேன் என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. கதையை ஆரம்பித்தேன். வெடிப்பு, கொதிநீர், சுற்றியிருந்த கருங்கல் மழையில் மக்கிக் கரைந்தது, இது மட்டும் கரையாமல் மலையாக நின்றது, எல்லாம் சொன்னேன். ஆன்டி கூப்பிய கை இறங்கவில்லை. சத்தியமாக என் கண் கலங்கிவிட்டது. முடித்ததும் என் நெற்றியில் திருநீறு பூசினார்.

"தல புராணம் ரொம்ப நல்லா சொன்னீங்க தம்பி. அடுத்த வாரம் ஒரு வேன் நிறைய ஆளுங்கள கூட்டிட்டு வரேன், மறுபடி சொல்லணும் லா!"

வழிகாட்டியாக இத்தனை வருஷம் கத்தியும் கிடைக்காத காதுகள், பூசாரியானதும் ஒரு வேன் நிறைய வருகின்றன.