தகர டப்பாவில் வந்த பிஸ்கட்

இன்று பெருஞ்சீரகம் வறுத்தபோது, ஜெர்மனியில் எர்லாங்கனுக்குப் பக்கத்தில் எங்கள் வீட்டின் கீழ்த்தளத்தில் இருந்த பேக்கரியும், மாவுத் தூசி படிந்த அதன் கண்ணாடியும், கதவு திறக்கும்போதெல்லாம் கிணுகிணுத்த மணியும் நினைவில் வந்தன. அங்கே இப்போது கைபேசிக் கடை. அப்போது அம்மா அந்த பேக்கரியில் பாண் என்று நாங்கள் சொல்லும் பிரெட்டை விற்றார். எனக்கு ஒன்பது வயது.

2003 கோடை விடுமுறையில் ஒரு சனிக்கிழமை, டெக்சஸிலிருந்து ஒரு முதிய பெண் வந்தார். அவருடைய முன்னோர் ஐந்து தலைமுறைக்கு முன் அந்த ஊரிலிருந்து கப்பலேறியவர்கள். தகர டப்பாவில், மர அச்சில் பறவை பதித்த, பெருஞ்சீரகம் மணக்கும் பிஸ்கட்டுகள் வைத்திருந்தார். "வீட்டில் இன்னும் இப்படித்தான் சுடுகிறோம். இங்கேயும் இதே ருசிதானா?" என்று பழைய, உடைந்த ஜெர்மனில் கேட்டார். நான் அவரைப் போலவே பேசிக் காட்டினேன். கடையில் நின்ற எல்லோரும் சிரித்தார்கள். ஜெர்மன்காரர்களான அவர்களில் நானும் ஒருத்தியாகிவிட்டதில் எனக்குப் பெருமை. அந்த முதியவர் டப்பாவை மூடப் போனார்.

"என்ன பிள்ளை பகிடி? அது அவவின்ரை வீட்டுப் பாசை," என்ற அம்மா, ஒரு பிஸ்கட்டை எடுத்து மெதுவாகக் கடித்து, தன் உடைந்த ஜெர்மனில், "மிக நல்லது, இன்னும் ஒன்று தாருங்கள்," என்றார்.

அதற்கும் நான் சிரித்தேன்.

அன்றைய என் நாட்குறிப்பில் "அமெரிக்காக்காரி வந்தா, நல்ல பகிடி" என்று மட்டும் இருக்கிறது. அதன்பிறகு நான் கடைக்குள் நுழைந்தால், அம்மா ஜெர்மன் பேசுவதை நிறுத்திவிட்டு, பாண் வாங்க வந்தவர்களுக்குத் தலையை மட்டும் ஆட்டுவார்.